சொன்னதைச் சொன்னபடி

"அக்கா, அந்தப் பத்தியை மட்டும் இன்னொரு தடவை வாசிங்க" என்றார் தம்பி.

வாசித்தேன். எம்.ஏ. தமிழ், இலக்கிய வரலாற்றுத் தாள், இரட்டைப் புலவர்கள் பற்றிய பத்து மதிப்பெண் கேள்வி. மூன்றாவது வரிக்கு வந்ததும் மேசைமேல் கையை வைத்து என்னை நிறுத்தினார்.

"'பார்வை மாற்றுத்திறனாளி'ன்னா இருக்கு? நான் அப்படிச் சொல்லலையே."

சொல்லவில்லைதான். "ஒருவர் குருடர், மற்றவர் முடவர் என்றே பாடநூல்கள் தொடங்குகின்றன" என்பதுதான் அவர் சொன்னது. "ஒருவர் பார்வை மாற்றுத்திறனாளி, மற்றவர் உடல் மாற்றுத்திறனாளி" என்று என் பேனா எழுதியிருந்தது. பார்வையற்ற ஒரு மாணவரின் விடைத்தாளில், என் கையெழுத்தில் 'குருடர்' என்று எப்படி எழுதுவது என்று மனம் கூசியது. நல்லது செய்கிறோம் என்று நினைத்து மாற்றிவிட்டேன்.

"அந்தச் சொல்லை வெச்சுத்தான்க்கா அடுத்த பத்தியே வருது. அதை எடுத்துட்டீங்கன்னா நான் சொல்ல வந்தது அந்தரத்துல நின்னுரும்."

ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டு அவர் சொன்னதை மேலே எழுதினேன். பிறகு அடுத்த பத்தியைச் சொன்னார். இலக்கிய வரலாற்று நூல்கள் இந்த இருவரையும் முதலில் உடலைக் காட்டித்தான் அறிமுகம் செய்கின்றன, 'குருடர், முடவர்' என்ற இரண்டு சொற்களைத் தாண்டிய பிறகுதான் மாணவன் அவர்கள் பாடிய தில்லைக் கலம்பகத்துக்கு வந்து சேர முடிகிறது, வேறெந்தப் புலவரையும் நாம் அப்படிப் படிப்பதில்லை. நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த எனக்குக் காது சூடேறியது. அவர் எந்தச் சொல்லைச் சுட்டிக்காட்டிக் குற்றம் சொல்ல வந்தாரோ, அதே சொல்லை மரியாதை என்ற பெயரில் நான் துடைத்திருந்தேன். அவர் திரும்ப வாசிக்கச் சொல்லியிருக்காவிட்டால் அவருடைய வாதம் காலில்லாமல் நின்றிருக்கும் என்று எழுத வருகிறது. பாருங்கள், இந்த வாக்கியத்திலும் அந்தப் பழக்கம்தான் வந்து நிற்கிறது. அடிக்காமல் விட்டுவிடுகிறேன்.

மதுரையில் ஓர் அச்சகத்தில் பதினாறு வருடமாகப் பிழை திருத்துகிறேன். கல்யாணப் பத்திரிகையிலிருந்து முனைவர் பட்ட ஆய்வேடு வரை எல்லாம் என் மேசைக்கு வரும். அடுத்தவர் எழுதியதை அடுத்தவர் கேட்காமலே சரிசெய்வதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் "கல்லூரித் தேர்வுக்கு ஸ்க்ரைப் தேவை, தமிழ் இலக்கியம் படித்தவர் கூடாது" என்று ஒரு செய்தி வந்தது. நான் பி.காம். எழுதும் வேகமும் உண்டு. வருகிறேன் என்று பதில் போட்டேன்.

ஸ்க்ரைப் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அரசுத் தேர்வுத் தாள்களில் 'சொல்வதை எழுதுபவர்' என்று இருக்கும். அந்தப் பெயருக்குள்ளேயே வேலையின் எல்லையும் இருக்கிறது. சொல்வதை எழுத வேண்டும், அவ்வளவுதான். மத்திய சமூக நீதி அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரம் நடக்கும். அந்தக் கூடுதல் நேரம் கருணையால் தருவது என்று நான் நினைத்திருந்தேன். கேள்வியை இரண்டு முறை வாசிக்க, சொல்ல, எழுத, திரும்ப வாசித்துக் காட்ட, திருத்த எவ்வளவு நேரம் போகிறது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. மற்ற மாணவர் கண்ணை ஓட்டிப் பார்த்து முடிப்பதை இவர் என் வாய் வழியாகச் செய்ய வேண்டும். அந்த வாய் பொய் வாசித்தால் அவருக்கு வேறு வழியில்லை.

அன்றைக்கு நான் மாற்றிய சொல்லை மாற்றியபடியே வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னதைச் சொல்வதுபோல வாசித்து ஏமாற்றியிருக்கவும் முடியும். அந்த நினைப்பு என்னை இன்னும் விடவில்லை.

முதல் நாள் காலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கல்லூரி வாசலில் நின்றிருந்தவரின் கையைப் பிடித்து விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு நடந்தேன். நாலு எட்டு வைத்ததும் நின்றுவிட்டார். "மேடம், நீங்க என்னைப் பிடிக்க வேணாம். நான் உங்களைப் பிடிச்சுக்கிறேன்." என் முழங்கைக்குச் சற்று மேலே அவர் விரல்கள் லேசாகப் படிந்தன. "அரை அடி முன்னால நடங்க. படி வந்தா ஏறுதா இறங்குதான்னு மட்டும் சொல்லுங்க, எத்தனை படின்னு வேணாம்." நான் திரும்பினால் என் கை திரும்புவது அவருக்குத் தெரிந்தது. நான் நின்றால் தெரிந்தது. பின்னால் இருப்பவர் கையில்தான் பிடி. வேண்டாமென்றால் விட்டுவிடலாம். நான் பிடித்து இழுத்தபோது அந்த உரிமை அவரிடம் இல்லை.

அதன்பிறகு ஒவ்வொன்றாகக் கற்றேன். "அந்தா இருக்கு பாருங்க, அங்க வைங்க" என்று கை நீட்டிச் சொல்வதில் ஒரு பயனும் இல்லை. "உங்க வலது கைக்கு நேரா, மணி மூணு இருக்கிற இடத்துல தண்ணி பாட்டில்" என்றால் கை நேராகப் போகிறது. தோளைத் தட்டி "நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்று விளையாடுவது கேட்பவருக்கு விளையாட்டு, அவருக்குத் தினமும் நடக்கும் தேர்வு. பேரைச் சொல்லிப் பேசத் தொடங்கினால் போதும். இன்னொன்றை அவர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசிக்கொண்டிருப்பவர்கள் சொல்லாமல் எழுந்து போய்விடுவார்களாம். இவர் வெறும் நாற்காலியிடம் பேசிக்கொண்டிருப்பாராம், யாராவது வந்து "யாருகூட பேசுற?" என்று கேட்கும் வரை. போயிட்டு வர்றேன் என்று சொல்லாமல் வாசல் தாண்டாத ஊர் இது. எதிரில் இருப்பவருக்குக் கண் தெரியாது என்றதும் அந்தச் சொல்லும் நம் வாயிலிருந்து காணாமல் போய்விடுகிறது.

தேர்வு அறைக்கு வந்த கண்காணிப்பாளர் நல்ல மனிதர். எங்களுக்கு மின்விசிறி போட்டுத் தனியறை ஒதுக்கியிருந்தார். ஆனால் நான்கு மணி நேரமும் ஒரு வார்த்தைகூட தம்பியிடம் பேசவில்லை. "இவரு கையெழுத்துப் போடுவாரா, கைநாட்டா?" என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். நல்லவேளை, அதற்குள் தம்பியே "போடுவேன் சார்" என்றார். பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னச் சதுரம் வெட்டியிருந்தது. வருகைத்தாளில் அவர் பெயருக்கு நேரே அந்த ஓட்டையை நான் பொருத்திவைத்தேன். ஓரத்தை இடது கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, அந்தச் சதுரத்துக்குள்ளேயே முழுக் கையெழுத்தையும் போட்டார். கண்காணிப்பாளர் குனிந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நல்லா போடுறாரே" என்றார். அதையும் என்னிடம்தான் சொன்னார்.

அடுத்த தாளின்போது அவர் ஏதோ கேட்டதும் நான் பதில் சொல்லாமல் தம்பி பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் கேள்வியைத் தம்பியிடமே கேட்டார். அடுத்தவருக்காகக் குரல் கொடுப்பது என்று பெரிதாகப் பேசுகிறோம். அன்று வாயை மூடிக்கொண்டதுதான் நான் செய்ததிலேயே உருப்படியான காரியம்.

கடைசித் தேர்வு முடிந்து டீ குடிக்கும்போது கேட்டேன். "அப்ப உங்களை எப்படித்தான் சொல்லணும் தம்பி?"

"பார்வையற்றவன்னு சொல்லுங்கக்கா, போதும். கண்ணு தெரியாதுன்னு சொன்னாலும் தப்பில்ல, உண்மைதானே. மாற்றுத்திறன்னு சொல்லிட்டா எங்கிட்ட வேற ஏதோ சக்தி இருக்கிற மாதிரி ஆளாளுக்குச் சோதிச்சுப் பார்க்கிறாங்க. எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. திரையில இருக்கிறதை வாசிச்சுக் காட்டுற ஸ்க்ரீன் ரீடர் வெச்சுப் படிக்கிறேன், பாஸ் பண்றேன்."

எனக்குக் குழப்பமாகிவிட்டது. 'ஊனமுற்றோர்' என்று அரசு எழுதிவந்த இடத்தில் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைக் கொண்டுவந்தவர் கலைஞர் கருணாநிதி. துறையின் பெயரே மாற்றுத்திறனாளிகள் நலத்துறை ஆனது. எங்கள் அச்சகத்தில் அரசு சார்ந்த வேலை எது வந்தாலும் பழைய சொல்லை அடித்துப் புதியதை எழுதுவது எனக்குக் கை தானாகச் செய்யும் காரியம். அதுதான் மரியாதையின் முற்றுப்புள்ளி என்று இருந்தேன். 2015-இல் பிரதமர் 'திவ்யாங்' என்ற சொல்லை வானொலியில் முன்வைத்தபோது, தெய்வீக உடல் என்று பொருள்படும் அந்தச் சொல் வேண்டாம், சாய்தளமும் வேலையும் கொடுங்கள் என்று மாற்றுத்திறனாளர் அமைப்புகள் பல சொன்னதைச் செய்தியில் படித்திருக்கிறேன். அது இந்திச் சொல்லின் சிக்கல் என்று கடந்துபோய்விட்டேன். உயரத்தில் தூக்கிவைப்பதும் ஒருவகையில் ஒதுக்கிவைப்பதுதான் என்று அந்த டீக்கடையில்தான் உறைத்தது.

தம்பி சொன்னதை அப்படியே சட்டமாக்கிக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடை நடத்தும் அக்காவுக்குச் சின்ன வயதில் போலியோ. மூன்று சக்கர ஸ்கூட்டரில் வருவார். பார்வையற்றவர்களுக்கு 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் பிடிக்காதாமே என்று பேச்சை எடுத்தேன். ஜெராக்ஸ் மெஷின் மூடியைத் தூக்கியபடியே என்னைப் பார்த்தார்.

"யாருக்குப் பிடிக்காதோ எனக்குத் தெரியாது. எனக்குப் பிடிக்கும். பள்ளிக்கூடத்துல எம்பேரே நொண்டிதான். டீச்சர்கூட அப்படித்தான் கூப்பிடும். தாலுகா ஆபீஸ்ல 'ஏம்மா மாற்றுத்திறனாளி, இப்படி வந்து உட்காரும்மா'ன்னு ஒருத்தர் மொத மொதல்ல சொன்னப்ப, நான் திரும்பிப் பார்த்தேன், வேற யாரையோ சொல்றார்னு."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இந்தத் தெருவுல இன்னைக்கும் என்ன சொல்றாங்கன்னு எனக்குக் காது கேட்கும்" என்றார்.

அவர் என்னைக் குறிப்பிட்டாரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. கேட்கவும் தேவையில்லை. சாப்பாடு கொண்டுவரும் பையனுக்குப் போனில் வழி சொல்லும்போது "நொண்டி அக்கா கடைக்கு எதிர்ச் சந்து" என்றுதான் வருடக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கடைக்குப் பலகை இருக்கிறது. அதில் அவர் பெயர் பெரிதாக எழுதியிருக்கிறது. 'லேமினேசன்' என்று எழுதியிருப்பதை முதல் நாளே கவனித்து, சொல்லித் திருத்த வேண்டும் என்று நினைத்தவள் நான். அதற்கு மேலே இருந்த பெயரை நான் வாசித்ததே இல்லை. இப்போது பெயரைச் சொல்லித்தான் வழி சொல்கிறேன். பையன்கள் சரியாக வந்துவிடுகிறார்கள்.

ஆக, தம்பிக்கு வேண்டாத சொல் அக்காவுக்கு மானம் காத்த சொல். இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வேலையில்லை. ஆளைப் பார்த்துக் கேட்டு, அவர் சொல்லும் சொல்லைச் சொல்வதற்கு அரை நிமிடம்தான் ஆகும். எழுத்தில் பொதுவாகச் சொல்லும்போது மாற்றுத்திறனாளிகள் என்றே நானும் எழுதுகிறேன். ஒருவரைப் பற்றி எழுதினால் அவரைக் கேட்டு எழுதுகிறேன்.

வசைச் சொற்களில் மட்டும் எனக்கு இந்தத் தயக்கம் இல்லை. குருடா, செவிடா, நொண்டி, லூசு, மெண்டல் என்று சாலையில் வண்டி ஓட்டுபவர் கத்துவதும், அதையே சினிமாவில் நகைச்சுவையாக வைப்பதும் ஒன்றுதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி, ஒரு மாற்றுத்திறனாளியைப் பலர் பார்க்கும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் குறைந்தது ஆறு மாதம், அதிகமாக ஐந்து வருடம் சிறை. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு திரைப்பட வழக்கில், மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டுவோருக்கு நெறிமுறைகளை வகுத்தது. அவர்களோடு சிரிக்கும் நகைச்சுவை வேறு, அவர்களைப் பார்த்துச் சிரிக்கும் நகைச்சுவை வேறு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

எனக்குத் திண்டாட்டம் வசையில் இல்லை, பழமொழியில்தான். என் மேசைக்கு வரும் கட்டுரைகளில் வாரத்துக்கு நாலு முறையாவது 'செவிடன் காதில் ஊதிய சங்கு' வரும். மனுக் கொடுத்தும் அதிகாரி அசையவில்லை என்பார்கள். அந்த அதிகாரிக்குக் காது நன்றாகக் கேட்கும், கேட்டும் அசையாததுதான் அவர் குற்றம். காது கேளாதவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. 'நொண்டிச் சாக்கு' வந்தால் சாக்குப்போக்கு என்று வைக்கலாமா என்று ஓரத்தில் எழுதி எழுத்தாளரிடம் கேட்கிறேன். 'குருட்டாம்போக்கில்' என்பதற்குக் குத்துமதிப்பாக என்று அழகான சொல் இருக்கிறது. 'குருட்டு நம்பிக்கை'க்கு வழி சொன்னது தம்பிதான். போனில் கேட்டபோது, "கண்மூடித்தனம்னு போடுங்கக்கா. கண்ணை மூடிக்கிறது கண்ணு தெரியிறவங்க பண்ற வேலை. அதை எங்க கணக்குல எழுத வேணாம்" என்றார். 'ஊமை வெயில்', 'ஊமைக் காயம்' இரண்டையும் என்ன செய்வது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அவை வந்தால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன்.

முன்பெல்லாம் கேட்காமல் அடித்திருப்பேன். இப்போது கேள்விக்குறி போடுகிறேன். முதலாளிக்கு இதனால் வேலை தாமதமாகிறது என்று வருத்தம்.

செய்தித்தாள் வேலையும் எங்களுக்கு அவ்வப்போது வரும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்ஸில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக்ஸில் தொடர்ந்து பதக்கம். ஆனால் என் கைக்கு வந்த கட்டுரைகளில் சிறுவயதில் அவர் கால்மேல் பேருந்து ஏறிய கதை முதல் பத்தியில் இருக்கும், தாண்டிய உயரம் கடைசியில் இருக்கும், சிலவற்றில் அது இருக்கவே இருக்காது. தம்பி தன் விடைத்தாளில் இரட்டைப் புலவர்களுக்குச் சொன்னது இதைத்தான். 14-ஆம் நூற்றாண்டுப் புலவர்களாக இருந்தாலும் சரி, நம் காலத்து வீரராக இருந்தாலும் சரி.

ஜெராக்ஸ் கடை அக்காவிடம் இப்போது கொஞ்சம் உரிமையோடு பேச முடிகிறது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியதல்லவா, அதற்கு மனுப் போடப் போனார். துணைக்குப் போனேன். அலுவலக வாசலில் சாய்தளம் இருந்தது, பார்க்க நன்றாக இருந்தது. ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளச் சரிவு வேண்டும் என்பது விதி. அங்கே மூன்றடி உயரத்தைப் பத்தடிக்குள் ஏற்றியிருந்தார்கள். அந்தப் பத்தடியிலும் நாலு பைக்குகள் நின்றன. அக்கா என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல "விடுங்கக்கா, நான் உள்ளே போய்க் கொடுத்துட்டு வர்றேன்" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

"என்னக்கா செய்யலாம்?"

"வண்டிக்காரங்களைக் கூப்பிடு. எடுக்கச் சொல்லு. எடுக்கிற வரைக்கும் இங்கேயே இருப்போம்."

இருபது நிமிடம் வெயிலில் இருந்தோம். ஒவ்வொருவராக வந்து எடுத்தார்கள். ஒருவர் மட்டும் மன்னிப்புக் கேட்டார். என்னிடம் கேட்டார். "அவங்ககிட்ட கேளுங்க" என்றேன்.

போன மாதம் மறுபடி ஸ்க்ரைப் வேலைக்குப் போனேன். இந்த முறை பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண். அவருக்குச் செரிபிரல் பால்சி. தமிழில் மூளை முடக்குவாதம் என்று எழுதுகிறார்கள். எந்தச் சொல்லைச் சொல்லட்டும் என்று கேட்டபோது, "சி.பி.ன்னே சொல்லுங்க, சின்னதா இருக்கு" என்றார். அந்த இரண்டு எழுத்தைச் சொல்லி முடிக்க அவருக்குச் சற்று நேரம் ஆனது. ஒரு சொல் தொண்டையில் நிற்கும், தாடை இறுகும், கழுத்து ஒருபக்கம் இழுக்கும், பிறகு சொல் வரும். வந்தால் தெளிவாகத்தான் வரும். நான் செய்யக்கூடாத ஒன்றை முதலிலேயே சொல்லிவிட்டார். "நான் சொல்றதுக்கு முன்னாடி நீங்க முடிச்சு வைக்காதீங்க."

இரட்டைப் புலவர்களைப் பற்றிச் சொல்லும் கதைகளில் ஒருவர் வெண்பாவின் முதல் இரண்டடியைப் பாடுவார், மற்றவர் அடுத்த இரண்டடியைப் பாடி முடிப்பார். அவர்கள் சமமாக உட்கார்ந்து பாடியவர்கள். இங்கே வெண்பா முழுவதும் அந்தப் பெண்ணுடையது.

ஒத்துழையாமை இயக்கம் பற்றிய கேள்வி. "1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் காவல் நிலையம் எரிக்கப்பட்டதைத் தொடர்ந்து காந்தி" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் "ஒத்…" என்று நின்றுவிட்டார். எனக்குச் சொல் தெரியும் என்று பட்டது. ஒத்துழையாமை. கேள்வியிலேயே இருக்கிற சொல். என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, பேனா 'ஒ' போடத் தாளைத் தொட்டுவிட்டது. கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் தாடை இறுகியிருந்தது, கண்கள் என் பேனாவின் மேல் இருந்தன.

பேனாவைத் தாளிலிருந்து எடுத்தேன்.

வெளியே மணி அடித்தது, மற்ற அறைகளில் நாற்காலிகள் நகர்ந்தன. எங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"ஒத்திவைத்தார்" என்றார்.

எழுதினேன்.